காற்புள்ளி வந்தால் காகிதம் ஓடும்: இணைவழிப் பிரிண்டர் இணைப்பில் ஒரு பிட் தொலைந்த நிகழ்வு

பருப்பு, பயறு வகைகளை மொத்த விலைக்கு விற்கும் ஒரு மண்டியில், பில் அடித்துக்கொண்டிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், முகப்பு விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே, தாறுமாறாக அச்சடிக்கத் தொடங்கியது. எண்கள் எதுவும் காகிதத்தில் விழவில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. சிறிய ஆங்கில எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்துகளாக மாறியிருந்தன. இவற்றைவிட மண்டிக்காரரை அதிகம் பதறவைத்தது, ஒரு பில் அடிப்பதற்குள் தொடர்தாள் பக்கம் பக்கமாக வெளியே ஓடியதுதான். மூன்று பிரதித் தாள் என்பதால் வீணாகும் ஒவ்வொரு பக்கமும் மூன்று பக்கத்துக்குச் சமம்.

இந்தக் கோளாறை ஆராய்ந்த விதத்தையும், அதன் வழியே கணினியும் பிரிண்டரும், பல கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்லும் இணைவழி இடைமுகத்தில் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கோளாறு மிகச் சிறியது. ஆனால் ஒரு கம்பி தன் வேலையைச் செய்யாமல் போனால் மற்றக் கம்பிகள் அதைப் பற்றி ஏன் எதுவுமே சொல்லவில்லை என்ற கேள்விக்கு, இந்த இடைமுகத்தின் வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது.

அமைப்பின் விவரம்

கணினியில் எம்எஸ்-டாஸ் 6.22 இருந்தது, பில்லிங் நிரல் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டது. பிரிண்டர் 80 பத்தி அகலமும் 9 ஊசிகளும் கொண்டது. எப்சன் நிறுவனத்தின் ஈஎஸ்சி/பி கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. கணினியில் பிரிண்டருக்கென உள்ள எல்பிடி1 வாயிலில் இருந்து பிரிண்டருக்கு வழக்கமான கேபிள் சென்றது. அதன் கணினிப் பக்கத்தில் 25 முனை கொண்ட டிபி-25 கனெக்டரும், பிரிண்டர் பக்கத்தில் 36 முனை கொண்ட சென்ட்ரானிக்ஸ் கனெக்டரும் இருந்தன.

இந்த இரண்டு முனைக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் தன் 101 மாதிரிப் பிரிண்டரை வெளியிட்டபோது, அதன் தாய் நிறுவனமான வாங் ஆய்வகத்தின் கிடங்கில், ஒரு பழைய கால்குலேட்டருக்காக வாங்கிப் பயன்படாமல் கிடந்த 36 முனைக் கனெக்டர்கள் சுமார் 20,000 இருந்தன. அவற்றையே எடுத்துப் பொருத்தினார்கள். பின்னர் 1981இல் வந்த ஐபிஎம் பிசி, இடத்தை மிச்சப்படுத்த 25 முனைக் கனெக்டரைத் தேர்ந்தது. பிரிண்டர் பக்கம் மட்டும் பழைய 36 முனையிலேயே நின்றுவிட்டது. ஐபிஎம் அந்தக் கணினியோடு தன் பெயரில் விற்ற 5152 பிரிண்டர், எப்சன் எம்எக்ஸ்-80 என்பதன் மறுவடிவமே. நம் அலுவலகங்களில் பல ஆண்டுகள் ஓடிய 9 ஊசிப் பிரிண்டர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டளைப் பரம்பரையைச் சேர்ந்தவை என்பதால், எப்சன் கையேட்டைப் படித்தவர் வேறு நிறுவனத்துப் பிரிண்டரையும் ஓரளவு பழுது பார்த்துவிட முடிந்தது.

அறிகுறிகள்

எனக்கு முன்பு வந்து பார்த்தவர், பிரிண்டரின் முதன்மைப் பலகை போய்விட்டது என்று கூறிச் சென்றிருந்தார். அது அவசர முடிவு. காகிதத்தை ஒரு வரி நகர்த்தும் எல்எஃப் பொத்தானை அழுத்திக்கொண்டே பிரிண்டரை இயக்கினால் அது தன்னைத்தானே சோதித்து, தன் எழுத்துகள் அனைத்தையும் வரிசையாக அச்சிடும். அந்தச் சோதனையில் எண்கள், இடைவெளிகள், சிறிய எழுத்துகள் எல்லாம் பிசகின்றி வந்தன. இந்தச் சோதனைக்குக் கேபிளும் வேண்டாம், கணினியும் வேண்டாம். எனவே ஊசித்தலை, ரிப்பன், மோட்டார், எழுத்து நினைவகம் ஆகியவை நலமாக இருக்கின்றன என்பதும், கோளாறு பிரிண்டரின் உள்வாங்கும் வாயிலிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது என்பதும் அங்கேயே உறுதியாயின.

பில் போடும் கணக்கர் சொன்ன ஒரு வரி, கருவிகள் சொன்னதைவிடப் பயனுள்ளதாக இருந்தது: "சார், பில்லு ஆயிரத்தைத் தாண்டுனா பேப்பர் ஒரு தடவை ஓடுது, லட்சத்தைத் தாண்டுனா ரெண்டு தடவை ஓடுது. சின்ன பில்லுக்கு ஓடவே மாட்டேங்குது." பிரிண்டருக்குத் தொகையின் பெருமை தெரியாது. ஆனால் நாம் எண்களை எழுதும் முறையில், ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு காற்புள்ளி, லட்சத்தைத் தாண்டினால் இரண்டு காற்புள்ளிகள் வரும். காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளியேறுகிறது என்று கொண்டால் அவர் சொன்னது கச்சிதமாகப் பொருந்தியது.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே அனுப்புகிறது; எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் ஆஸ்கி அட்டவணையில் காற்புள்ளியின் எண் 44. இரும வடிவில் 00101100. பக்கத்தை வெளியே தள்ளும் 'ஃபார்ம் ஃபீட்' கட்டளையின் எண் 12. இரும வடிவில் 00001100. இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஒரே ஒரு பிட், அதாவது இரும எண்ணின் ஓர் இலக்கம். வலப்பக்கத்தில் இருந்து சுழியம் முதல் எண்ணினால் 5ஆம் பிட், அதாவது 32 மதிப்புள்ள பிட், சுழியமாகிவிட்டது.

இந்த ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு மற்ற அறிகுறிகளைப் பார்த்தால் எல்லாமே வரிசையில் வந்து நிற்கின்றன. சிறிய எழுத்தான 'ஏ' 97; அதில் 32 போனால் 65, அது பெரிய எழுத்தான 'ஏ'. பெரிய எழுத்துகளில் 5ஆம் பிட் முன்பே சுழியம் என்பதால் அவை மாறாமல் வந்தன. பில்லின் தலைப்பில் பெரிய எழுத்துகளில் இருந்த கடையின் பெயர், இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டாலும், எழுத்துப் பிசகாமல் இருந்தது அதனால்தான். இடைவெளியின் எண் 32. அது சுழியமாகிவிட, பிரிண்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எண்கள் 48 முதல் 57 வரை. அவை 16 முதல் 25 வரையான கட்டுப்பாட்டுக் குறிகளாக மாறின. கட்டுப்பாட்டுக் குறிகள் அச்சாவதில்லை. அவற்றில் சில ஏதேனும் ஒன்றைச் செய்யும், மற்றவை ஒன்றும் செய்யா.

'ஏதேனும் ஒன்றைச் செய்யும்' என்ற அந்தச் சிலவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முற்றுப்புள்ளி 46, அது 14 ஆகிறது. 14 என்றால் அந்த வரி முடியும்வரை இரட்டை அகல எழுத்து. ஆகவே 'நோ. ஆஃப் பேக்ஸ்' என்ற ஆங்கிலத் தலைப்பில் புள்ளிக்குப் பிறகு வந்தவை எல்லாம் தடியாக அகன்று நின்றன. சாய்கோடு 47, அது 15 ஆகி, எழுத்தைச் சுருக்கிவிடும். அந்தச் சுருக்கத்தை நீக்குவது 18. அதாவது, பிட் இழந்த எண் 2. பில்லில் எங்கேனும் 2 வரும்வரை எழுத்து சுருங்கியே இருக்கும், வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இதைக் கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு, பிரிண்டர் தன் விருப்பப்படி எழுத்தின் அளவை மாற்றிக்கொள்வதாகத்தான் தோன்றும்.

எண் 8 செய்தது இன்னும் வினோதம். 56இல் 32 போனால் 24. அது, அந்த வரியில் இதுவரை சேர்த்து வைத்த எழுத்துகளை அழிக்கச் சொல்லும் கட்டளை. பில் எண்ணில் 8 வந்த பில்களில், எண் மட்டுமல்ல, அதற்கு முன்னால் இருந்த 'பில் நம்பர்' என்ற சொற்களும் காணாமல் போயிருந்தன. கணக்கர் பத்திரமாக எடுத்து வைத்திருந்த பாழான பில்களைப் புரட்டியபோது, இந்த விதி ஒன்றில்கூடத் தவறவில்லை.

எண் 3 பற்றி எனக்கு ஒரு ஐயம் இருந்தது. அது 51, பிட் இழந்தால் 19. ஈஎஸ்சி/பி தொகுதியில் 19 என்பது பிரிண்டரைத் தரவு வாங்காதபடி விலக்கி வைக்கும் கட்டளை. 17, அதாவது பிட் இழந்த எண் 1, அதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் கட்டளை. அப்படியானால் 3 வந்ததும் அச்சு நின்று, 1 வந்த பிறகுதான் தொடர வேண்டும். பில்களில் அப்படி நிகழவில்லை. காரணம், கணினி 'செலக்ட் இன்' என்ற கம்பியை எப்போதும் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கிறது. அந்தக் கம்பி தாழ்ந்திருக்கும்போது இந்த இரு கட்டளைகளையும் பிரிண்டர் பொருட்படுத்தாது என்பது எப்சன் வகைக் கையேடுகளில் உள்ள விதி. கணிப்போடு பொருந்தாததுபோல் தெரிந்த இதுவும் கடைசியில் கணிப்புக்குத் துணையாகவே வந்து சேர்ந்தது.

17 கம்பிகளின் வேலைப் பங்கீடு

டிபி-25 கனெக்டரில் 18 முதல் 25 வரையான எட்டு முனைகள் தரை இணைப்புகள். மீதமுள்ள 17இல், 2 முதல் 9 வரையான எட்டும் தரவுக்கு உரியவை; ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளும் ஒரே நேரத்தில் இவற்றில் நிற்கும். 'இணைவழி' என்ற பெயர் இதனால் வந்தது. தரவு 0 இரண்டாம் முனையில் தொடங்குவதால், நாம் தேடும் தரவு 5 ஏழாம் முனையில் இருக்கிறது. கணினியில் இருந்து பிரிண்டருக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் நான்கு: 1இல் ஸ்ட்ரோப், 14இல் ஆட்டோ ஃபீட், 16இல் இனிட், 17இல் செலக்ட் இன். பிரிண்டரில் இருந்து கணினிக்கு வரும் நிலைக் கம்பிகள் ஐந்து: 10இல் அக்னாலெட்ஜ், 11இல் பிஸி, 12இல் பேப்பர் எண்ட், 13இல் செலக்ட், 15இல் எரர்.

ஒரு பைட் கடந்து செல்லும் முறை இது. கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் முதலில் அந்தப் பைட்டைத் தரவு வாயிலில் எழுதுகிறது. எல்பிடி1க்கு அந்த வாயிலின் முகவரி பெரும்பாலும் பதினாறும எண்ணில் 378. எழுதியவுடன் எட்டுக் கம்பிகளிலும் மின்னழுத்தம் ஏறியோ இறங்கியோ நிலைகொள்கிறது. ஆனால் பிரிண்டர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அடுத்து, 379ஆம் முகவரியில் உள்ள நிலைப் பதிவகத்தைப் படித்து, பிரிண்டர் பிஸியாக இருக்கிறதா என்று பயாஸ் பார்க்கிறது. இல்லை என்றால், அதற்கடுத்த கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் 13 என்று எழுதி, உடனே 12 என்று மாற்றி எழுதுகிறது. இப்படி இரண்டு முறை எழுதுவதன் விளைவாக ஸ்ட்ரோப் கம்பி ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் உயர்கிறது. தரவு குறைந்தது அரை மைக்ரோ வினாடி முன்னதாகவே நிலைபெற்றிருக்க வேண்டும், ஸ்ட்ரோப் துடிப்பும் குறைந்தது அரை மைக்ரோ வினாடி அகலம் இருக்க வேண்டும், துடிப்பு முடிந்த பின்னும் அதே அளவு நேரம் தரவு அசையாமல் நிற்க வேண்டும் என்று பிரிண்டர் கையேடுகள் கேட்கின்றன.

ஸ்ட்ரோப் துடிப்பு வந்த கணத்தில் எட்டுக் கம்பிகளிலும் என்ன நிற்கிறதோ அதைப் பிரிண்டர் அப்படியே பிடித்துக்கொள்கிறது. உடனே பிஸியை உயர்த்துகிறது. பைட்டைத் தன் இடைநினைவகத்தில் வைத்ததும் பிஸியை இறக்கி, அக்னாலெட்ஜ் கம்பியில் சில மைக்ரோ வினாடிகள் நீளும் ஒரு தாழ் துடிப்பைத் தருகிறது. 'கிடைத்தது, அடுத்ததை அனுப்பு' என்று பொருள். எம்எக்ஸ்-80 போன்ற பிரிண்டர் வினாடிக்கு 80 எழுத்துகள் அடித்தது. கணினி அதே நேரத்தில் பல்லாயிரம் பைட்டுகளை அனுப்பிவிடும். இந்த வேக ஏற்றத்தாழ்வைத் தாங்கிப் பிடிப்பது பிஸி என்ற ஒற்றைக் கம்பிதான். அக்னாலெட்ஜ் பெயரளவில் முக்கியமானதாக இருந்தாலும், ஐபிஎம் பயாஸின் அச்சு வழிநிரல் அதற்காகக் காத்திருப்பதில்லை. பிஸியை மட்டுமே நம்புகிறது. அக்னாலெட்ஜ் கம்பி அறுந்த கேபிளோடு ஆண்டுக்கணக்கில் டாஸில் அச்சடித்த அலுவலகங்கள் இருந்திருந்தால் வியப்பில்லை.

நிலைப் பதிவகத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பிஸி சமிக்ஞை அதில் தலைகீழாகத்தான் பதிவாகும். அதாவது 7ஆம் பிட் 1 என்றால் பிரிண்டர் ஓய்வாக இருக்கிறது. காகிதம் இருந்து, இணைப்பில் இருந்து, பிழை ஏதுமின்றித் தயாராக நிற்கும் பிரிண்டர் 11011111 என்று காட்டும். கடைசி மூன்று பிட்டுகளுக்கு இங்கே பொருளில்லை. கேபிளே செருகவில்லை என்றால் கணினியின் உள்வரும் முனைகள் தாமாகவே உயர்நிலையில் மிதந்து, 01111111 என்று வரும். அணைத்து வைத்த பிரிண்டர் எல்லாக் கம்பிகளையும் தாழ்த்திவிட்டால் 10000111 வரும். பிஸியும் தாழ்ந்திருப்பதால் 'வேலையில்லாமல் இருக்கிறேன்' என்று அணைந்த பிரிண்டர் சொல்வதுபோல் ஆகிவிடும், ஆனால் செலக்டும் எரரும் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து கம்பிகள் ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விடை இல்லை.

மண்டிக் கணினியில், டாஸோடு வரும் டீபக் என்ற ஆய்வு நிரலைத் திறந்து 379ஐப் படித்தபோது 11011111 வந்தது. பிரிண்டர் தயார், குறை ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள்.

கோளாறைச் சுற்றி வளைத்தல்

கணிப்பை அச்சில் உறுதிப்படுத்த, எப்சன் வகைப் பிரிண்டர்களில் உள்ள டம்ப் முறையைப் பயன்படுத்தினேன். எல்எஃப், பக்கத்தைத் தள்ளும் எஃப்எஃப் ஆகிய இரு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு இயக்கினால், பிரிண்டர் தனக்கு வரும் பைட் ஒவ்வொன்றையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் பதினாறும எண்ணாக அச்சிடும். பழுது பார்ப்பவருக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது; ஆனாலும் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியவில்லை. டாஸில் இருந்து 12345 என்று அனுப்பினேன். பதினாறும எண்ணில் 31 32 33 34 35 என்று வந்திருக்க வேண்டும். காகிதத்தில் 11 12 13 14 15 என்று விழுந்தது. இடைவெளிக்கு 20க்குப் பதில் 00, சிறிய 'ஏ'க்கு 61க்குப் பதில் 41. 5ஆம் பிட் ஒவ்வொரு முறையும் சுழியமாகத்தான் பிரிண்டரை அடைகிறது என்பதில் இனி ஐயமில்லை.

அடுத்த கேள்வி, அது எங்கே சுழியமாகிறது என்பது. கணினியின் வாயிலா, கேபிளா, பிரிண்டரின் உள்வாங்கும் சுற்றா? இங்கே தரவு வாயிலின் ஒரு குணம் கைகொடுத்தது. 378இல் எழுதியதை அதே முகவரியில் இருந்து படிக்கவும் முடியும். அப்படிப் படிக்கும்போது, எழுதிய எண் நினைவில் இருந்து திரும்பி வருவதில்லை, கனெக்டர் முனைகளில் உண்மையில் நிற்கும் நிலையே வருகிறது. டீபக்கில் 'ஓ' கட்டளையால் 378க்கு எட்டும் ஒன்றான எஃப்எஃப் என்ற எண்ணை எழுதி, 'ஐ' கட்டளையால் திரும்பப் படித்தேன். வந்தது 11011111. எட்டு ஒன்றுகளை எழுதியும் 5ஆம் பிட் தரையோடு தரையாக இழுக்கப்பட்டுக் கிடந்தது. சற்று முன் 379இல் வந்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல். ஒன்று பிரிண்டரின் நிலை, மற்றது தரவுக் கம்பிகளின் நிலை, இரண்டையும் ஒரே தாளில் குறித்து வைப்பவர்கள் முகவரியையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

பிறகு இரு கருவிகளையும் அணைத்து, கேபிளைப் பிரிண்டர் பக்கத்தில் மட்டும் கழற்றி, கணினியை மீண்டும் இயக்கி அதே சோதனையைச் செய்தேன். அப்போதும் 11011111. பிரிண்டர் குற்றமற்றது. மீண்டும் அணைத்து, கணினிப் பக்கத்திலும் கேபிளைக் கழற்றிப் படித்தபோது 11111111 வந்தது. கணினியின் வாயிலும் குற்றமற்றது. எஞ்சியது கேபிள். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுக் கழற்றியது வீண் எச்சரிக்கை அல்ல. இந்த வாயில், மின்சாரம் ஓடும்போது செருகிக் கழற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல, அப்படிச் செய்து வாயிலின் சில்லு எரிந்துபோன கணினிகள் பழுது பார்க்கும் மேசைகளுக்கு அடிக்கடி வரும்.

மல்டிமீட்டரில் கேபிளின் ஏழாம் முனைக்கும் தரை முனைகளுக்கும் இடையே மின்தடை இல்லவே இல்லை. டிபி-25இன் உலோக மூடியைத் திறந்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் கேபிள் முன்பு எப்போதோ வெட்டுப்பட்டு, யாரோ மறுபடியும் பற்றவைத்தது. மேல் வரிசையில் 1 முதல் 13 வரையும், கீழ் வரிசையில் 14 முதல் 25 வரையும் முனைகள் இருக்கும். ஏழாம் முனைக்கு நேர் கீழே நிற்பவை 19உம் 20உம், இரண்டுமே தரை. தரைக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி 20ஆம் முனையில் பற்றவைத்திருந்தார்கள். அந்த முறுக்கில் இருந்து பிரிந்த செப்பு இழை ஒன்று, மயிரிழை அளவே உள்ளது, மேலே வளைந்து ஏழாம் முனையின் ஈயத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. மூடியின் திருகை இறுக்கியபோது அழுந்தி நன்றாகவே பதிந்துவிட்டது. ஆரம்பத்தில் கோளாறு வருவதும் போவதுமாக இருந்தது என்றும், மேசையை நகர்த்தினால் சில நேரம் சரியானது என்றும் கணக்கர் சொன்னதற்கும் இதுவே விளக்கம்.

அந்த இழை தொடாமல் இருந்திருந்தாலும் அது நல்ல கேபிள் அல்ல. எட்டுத் தரை முனைகள் வெறும் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. 36 முனைக் கனெக்டரில் தரவுக் கம்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு திரும்பு கம்பி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல கேபிளில் சமிக்ஞையும் அதன் திரும்பு கம்பியும் இணையாக முறுக்கப்பட்டு வரும். அப்போதுதான் பக்கத்துக் கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஸ்ட்ரோப் கம்பியில் பொய்த் துடிப்பை உண்டாக்காது. எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி ஒரே முனையில் விட்டால், இன்று இல்லாவிட்டாலும் நாளை, ஒரே எழுத்து இரண்டு முறை விழும் கோளாறு வரும்.

பிழைச் செய்தி ஏன் வரவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கணினி ஒவ்வொரு பைட்டுக்கும் பிஸியைப் பார்த்தது. ஸ்ட்ரோப் சரியான அகலத்தில் சென்றது. பிரிண்டர் ஒவ்வொன்றையும் பெற்றுக்கொண்டு அக்னாலெட்ஜ் தந்தது. இரு தரப்பும் தம் கடமையில் ஒரு துளியும் தவறவில்லை. ஆனால் அந்த ஒப்புகை, ஒரு பைட் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே. அனுப்பிய பைட்தான் வந்து சேர்ந்தது என்பதற்கு அல்ல. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப் போல, உறை கைமாறியதை அது சொல்லும், உள்ளே இருந்த கடிதத்தைப் பற்றிச் சொல்லாது.

கணினிக்கும் மோடமுக்கும் இடையே இருந்த தொடர்வழி இடைமுகத்தில் விரும்பினால் ஒரு சமனிப் பிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிட் தவறினால் பெறுபவர் கண்டுபிடித்துவிடுவார். சென்ட்ரானிக்ஸ் முறையில் அதற்கென ஒரு கம்பிகூட ஒதுக்கப்படவில்லை. இத்தனைக்கும் காகிதம் தீர்ந்ததைச் சொல்வதற்கென்றே தனிக் கம்பி உண்டு. 1970இன் சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான்: கேபிள் குட்டை, காகிதத்தில் விழும் பிழையை மனிதக் கண் உடனே பார்த்துவிடும், ஒரு பலகையில் சேர்க்கும் ஒவ்வொரு சில்லுக்கும் விலை உண்டு. 1994இல் வந்த ஐஇஇஇ 1284 தரம், பிரிண்டர் தன் அடையாளத்தைக் கணினிக்குத் திருப்பி அனுப்பவும், இரு திசையிலும் வேகமாகப் பேசவும் வழி செய்தது. கேபிளின் தரத்தையும் கறாராக வரையறுத்தது. ஆனால் பழைய பிரிண்டர்களுக்கான இசைவு முறையில் பைட் செல்லும் விதம் மாறவில்லை. பின்னர் வந்த யூஎஸ்பி ஒவ்வொரு தரவுப் பொதியோடும் சரிபார்ப்புக் குறியை அனுப்பி, தவறினால் மறுபடி அனுப்புகிறது. அங்கே இப்படிப்பட்ட கோளாறு அச்சுவரை வந்து சேராது.

இதே கேபிளில் வேறு கம்பி பழுதாகியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பிஸி கம்பி அறுந்தால், கணினிப் பக்கத்து முனை உயர்நிலையில் மிதக்கும். பிரிண்டர் எப்போதும் வேலையாக இருப்பதாகக் கணினி நினைத்து, காத்துக் காத்து, கடைசியில் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஸ்ட்ரோப் அறுந்தால் ஒரு எழுத்தும் விழாது. பேப்பர் எண்ட் அறுந்தால், காகிதம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகச் செய்தி வரும். கட்டுப்பாட்டுக் கம்பியும் நிலைக் கம்பியும் பெரும்பாலும் சத்தம் போட்டுப் பழுதாகின்றன. தரவுக் கம்பி மட்டும் வாய் திறப்பதில்லை.

தரவு 5 தரையைத் தொடாமல், வெறுமனே அறுந்திருந்தால்? கணினிக்கு அதுவும் தெரிந்திருக்காது, ஆனால் அச்சு முற்றிலும் வேறு மாதிரி இருந்திருக்கும். பிரிண்டர் பக்கத்தில் உள்ள புல்-அப் மின்தடை அந்த முனையை மேலே இழுத்துவிடும் என்பதால் 5ஆம் பிட் எப்போதும் 1 ஆகும். பெரிய எழுத்துகள் எல்லாம் சிறிய எழுத்துகளாகும். வரியை முடிக்கும் 13 சிறுகோடாகவும், காகிதத்தை நகர்த்தும் 10 நட்சத்திரக் குறியாகவும் மாறும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த இரண்டும் அச்சாகி, பில்லின் வடிவமே குலைந்து எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். பிட் சுழியத்தில் சிக்கினால் தரையோடு குறுக்குச்சுற்று அல்லது எரிந்துபோன வாயில். ஒன்றில் சிக்கினால் அறுந்த கம்பி அல்லது துருவேறிய முனை. மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பாழான ஒரு பில்லை ஆஸ்கி அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

சரிசெய்தலும் சோதனையும்

கேபிளை மறுபடி பற்றவைக்கலாமா என்று மண்டிக்காரர் கேட்டார். இழையை வெட்டிவிட்டால் அன்றைய பில் ஓடியிருக்கும். ஆனால் தரைக் கம்பிகளின் நிலையைப் பார்த்த பிறகு, வார்ப்பு மூடியுடன் வரும் புதிய கேபிளை வாங்கிப் போடச் சொன்னேன். பற்றவைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. பிரிண்டரின் முதன்மைப் பலகைக்குச் சொல்லப்பட்டிருந்த தொகை இவை இரண்டையும்விடப் பல மடங்கு.

புதிய கேபிளோடு 378இல் முதலில் எட்டு ஒன்றுகளையும், பிறகு எட்டுச் சுழியங்களையும் எழுதித் திரும்பப் படித்தேன். அதன் பிறகு 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும் உயர்ந்திருக்கும்படி எழுதிப் பார்த்தேன். இரு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது இந்த வரிசையில்தான் வெளிப்படும், எட்டும் ஒன்றாக உயரும்போது மறைந்துவிடும். எல்லாம் எழுதியபடியே திரும்பின. டம்ப் முறையில் அனுப்பிய 12345 இப்போது 31 32 33 34 35 என்றே விழுந்தது. ஏழாம் முனை அத்தனை நாள் தரையோடு கட்டுண்டு கிடந்தும் கணினியின் வாயில் பழுதாகாமல் தப்பியிருந்தது.

கடைசியாக, இதே எட்டு எண்களையும் அதன் பிறகு ஒரு வரி எண்களையும் சிறிய எழுத்துகளையும் காற்புள்ளிகளையும் கொண்ட சிறு சோதனைக் கோப்பு ஒன்றை அந்தக் கணினியிலேயே வைத்து, அதை டம்ப் முறையில் ஒருமுறை அச்சிட்டு எடுத்த தாளைப் பிரிண்டரின் கையேட்டுக்குள் செருகி வைத்தேன். அடுத்த முறை எழுத்து மாறி விழுந்தால், யார் வந்து பார்த்தாலும், அதே கோப்பை மறுபடி அச்சிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிட் என்று உடனே தெரிந்துவிடும்.